எண்ணாமல் விட்ட அறுபது

2006ஆம் ஆண்டு, செப்டெம்பர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மொன்றியலில் இருந்து வடக்கே, லவாலையும் தாண்டி ஒரு மணித்தியாலம் காரில் போனால், காட்டுக்குள் ஒரு துப்பாக்கி சுடும் திடல் இருக்கிறது. அங்கேதான் இது நடந்தது. நடந்ததை இதுவரை இரண்டு பேருக்குத்தான் சொல்லியிருக்கிறேன். ஒருவர் என் மகள். மற்றவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பது உங்களுக்கு விளங்காது. நான் யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எண்பத்தைந்தில் இங்கே வந்து, ஷபனெல் தெருவில் ஒரு தையல் ஆலையில் வெட்டுத்துணி கூட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். மெசின் திருத்த வருகிறவரின் கையைப் பார்த்துப் பார்த்தே அந்த வேலையைப் படித்தேன். ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆறு வருடத்தில் பார்க் எக்ஸ்டென்ஷனில் தையல் மெசின் திருத்தும் சொந்தக் கடை போட்டேன். ஷபனெல் தெருவில் என் கை படாத மெசின் குறைவு. பட்டம் படித்தவர்கள் கைவிட்டுப் போன மெசினை அரை மணித்தியாலத்தில் ஓடவைத்திருக்கிறேன். எங்கள் ஆட்கள் என்னை 'மெசின் அண்ணை' என்றுதான் கூப்பிடுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பெருமைக்கும்தான்.

பிரெஞ்சு எனக்கு வராது. அது எனக்கு ஒரு குறையாக இருந்ததே இல்லை என்று அந்தக் காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆலையில் வேலை செய்த எங்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. மேற்பார்வைக்காரர் ஏதாவது சொன்னால், விளங்கினாலும் விளங்காவிட்டாலும் 'வி, வி' என்று தலையாட்ட வேண்டும். வி என்றால் ஓம். கடைசியில் அவர் 'கொம்ப்ரி?' என்று கேட்பார், விளங்கியதா என்று. அந்தச் சொல்லையே 'கொம்ப்ரி' என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விளங்கவில்லை என்று சொன்னவரை அடுத்த கிழமை வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பது எங்கள் பயம். அவர் அந்தப் பக்கம் போனதும், பக்கத்தில் நிற்பவர் என்ன செய்கிறார் என்று கடைக்கண்ணால் பார்த்து அதே மாதிரிச் செய்தால் முடிந்தது. இந்த வித்தையில் என்னை வெல்ல ஆள் இல்லை. இருபது வருடம் அதை வைத்துத்தான் கடை, வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் பார்த்துமுடித்தேன்.

வில்லரேயில் ஒரு சந்துக்குள் கடைசல் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவரோடு எனக்குப் பழக்கம் இருந்தது. கியூபெக்காரர். வயது எழுபதுக்கு மேல். பழைய தையல் மெசின்களுக்கு உதிரிப்பாகம் கிடைக்காதபோது, உடைந்த துண்டைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினால் அதே மாதிரி இரும்பில் கடைந்து தருவார். பதினைந்து வருடமாக இப்படித்தான். அவருக்கு ஆங்கிலத்தில் பத்துச் சொல், எனக்குப் பிரெஞ்சில் இருபது சொல். ஆனால் இரண்டு பேருக்கும் இரும்பு தெரியும். நான் விரலால் ஒரு இடத்தைத் தடவிக் காட்டினால், இன்னும் ஒரு மயிரளவு தேய்க்க வேண்டும் என்று அவருக்கு விளங்கிவிடும். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் என் மனைவி செய்த ரோல்ஸ் இரண்டைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். உறைப்பில் கண்ணீர் வடிய வடியச் சாப்பிடுவார். என்னை 'மொனாமி' என்பார், என் நண்பரே என்று அர்த்தம். நான் அவரை 'முசியே' என்பேன், ஐயா என்கிற மாதிரி.

அந்த ஓகஸ்ட் மாதம் ஒருநாள் அவருடைய வேலை மேசையில், பழைய போர்வை ஒன்றின் மேல், ஒரு ரைபிள் கிடந்தது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. வாய்ப்பக்கம் மொட்டையான, மரம் போர்த்திய அந்தத் துவக்கை எங்கள் வயதுக்காரர் எவரும் மறக்க மாட்டார்கள். அந்த நாளில் எங்கள் ஊர்ப் பொலிஸ்காரர்களின் தோளில் தொங்கியது அதுதான். திரீ நோட் திரீ என்போம். எனக்கு முப்பது வயதிருக்கும்போது, சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் அதைத் தோளில் இருந்து இறக்க, சைக்கிளைப் போட்டுவிட்டு வேலி பாய்ந்து ஓடியிருக்கிறேன். சைக்கிள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தத் துவக்கின் பின்பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை அன்றைக்கே எனக்குள் விழுந்திருக்க வேண்டும். போர்வையில் கிடந்ததைத் தடவிப் பார்த்தேன். பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது.

அவர் கையாலும் சொல்லாலும் விளக்கியதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். பழைய யுத்தங்களில் பாவித்த ரைபிள்களை வைத்திருக்கும் வயதான ஆட்கள் சிலர் ஞாயிறுதோறும் அந்தத் திடலுக்குப் போய்ச் சுடுவார்கள். இவர் அங்கே முப்பது வருடத்துக்குக் கிட்ட அங்கத்தவர். சுவரில் ஒரு ஆணியில், சிவப்பு நூலில் கோத்த திறப்பு ஒன்று தொங்கியது. திடலின் படலைப் பூட்டுக்குரிய திறப்பு. மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் வேறு மாகாணத்தில். கிழமையில் ஆறு நாள் பட்டறை, ஏழாவது நாள் அந்தத் திடல். அதைத் தவிர அவருக்குப் போவதற்கு ஒரு இடம் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் நான் செய்ததைச் செய்தேன் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது.

ஒரு ஞாயிறு என்னையும் வரச் சொன்னார். நான் 'வி' என்றேன்.

எங்கள் ஆட்கள் சனிக்கிழமை பின்னேரம் கூடும் தேத்தண்ணிக் கடை ஒன்று இருக்கிறது. அங்கே இரண்டு கிழமையாக இதே கதைதான். மெசின் அண்ணை துவக்குச் சுடப் போகிறார் என்று பார்க் எக்ஸ்டென்ஷன் முழுக்கத் தெரிந்துவிட்டது. வீட்டில்தான் மரியாதை இல்லை. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சீனவெடி கொளுத்தினாலே காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுகிற மனுசன் என்று மனைவி தன் தங்கைக்கு டெலிபோனில் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது.

என் மகள் ஒரு பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். பிரெஞ்சு அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டு மேசையில் அவள்தான் கேட்டாள்.

"அப்பா, நானும் வரட்டே? அந்தாள் சொல்லுறது உங்களுக்கு விளங்குமோ?"

"பதினைஞ்சு வருசமா விளங்குது. நாளைக்கு மட்டும் விளங்காமப் போகுமே?"

"அது மெசின் அப்பா. இது துவக்கெல்லே."

இரும்பெல்லாம் இரும்புதான் என்று சொல்லி அவளை இருத்திவிட்டேன். மொழிபெயர்க்க ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போனால், பிறகு நான் என்ன மெசின் அண்ணை?

பெரியவர் எனக்கு மூன்று தரம் சொன்னார். முதல்தரம் சனிக்கிழமை பட்டறையில். இரண்டாம் தரம் ஞாயிறு காலை காரில், லவால் பாலத்தைக் கடக்கும்போது. மூன்றாம் தரம் திடலில், மேசைக்கு முன்னால் என்னை இருத்திவைத்து. உள்ளங்கையைக் கீழ்நோக்கிப் பிடித்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். மூன்று தரமும் கடைசியில் 'கொம்ப்ரி?' என்றார். மூன்று தரமும் நான் 'கொம்ப்ரி' என்றேன். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் மனமெல்லாம், அடுத்த சனிக்கிழமை இந்தக் கதையை எங்கே இருந்து தொடங்குவது என்பதிலேயே இருந்தது. சுடும்போது பயப்பட வேண்டாம் என்று மனிதர் சொல்கிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது என்ன என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதை இங்கேயே எழுதிவிடுகிறேன். அந்தத் துவக்குக்கு அவர் வைத்திருந்தது பழைய இராணுவக் குண்டுகள். பித்தளைப் பின்பக்கத்தில் 1943 என்று அடித்திருந்தது. என்னைவிட வயதான குண்டு. அப்படிப்பட்ட குண்டில் சில நேரம் உள்ளே இருக்கும் மருந்து உடனே பற்றாது. விசையை இழுத்தால் 'டிக்' என்று மட்டும் சத்தம் கேட்கும். அப்போது துவக்கை அசைக்கக் கூடாது. திறக்கக் கூடாது. குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்க, அறுபது வரைக்கும் எண்ண வேண்டும். ஏனென்றால் அது பிந்தியும் வெடிக்கும். பழைய துவக்குச் சுடுகிறவர்கள் எல்லோரும் முதலில் படிப்பது இதைத்தான்.

திடல் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை, மரத்தூண்கள், வரிசையாக மேசைகள். நூறு மீட்டர் தள்ளி மண்மேடு, அதற்கு முன்னால் கடதாசி இலக்குகள். பதினைந்து பேர் அளவில் வந்திருந்தார்கள். எல்லாம் நரைத்த தலைகள். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு நாட்டுத் துவக்கு. செம்மஞ்சள் தொப்பி போட்ட பொறுப்பாளர் ஒருவர் வாசலில் ஒரு தடித்த கொப்பியில் என் பெயரை எழுதி, அதற்கு நேரே பெரியவரின் பெயரையும் எழுதினார். விருந்தாளியைக் கூட்டிவருகிற அங்கத்தவர்தான் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டமாம். இல்லாவிட்டால் அந்த அங்கத்தவர் திடலுக்கு வர முடியாதாம்.

என் வழக்கப்படி பக்கத்து மேசையைக் கடைக்கண்ணால் பார்த்தேன். அங்கே ஒரு பருத்த மனிதர் துவக்கைத் தோளில் வைத்தபடி இருந்தார். சுடவில்லை. அசையவும் இல்லை. உதடு மட்டும் மெல்ல மெல்ல அசைந்தது. சுடுவதற்கு முன் கடவுளைக் கும்பிடுகிறாராக்கும் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். சனிக்கிழமைக்கு ஒரு பகிடி கிடைத்தது என்று மனதில் எழுதியும் வைத்துக்கொண்டேன். அவர் எண்ணிக்கொண்டிருந்தார். மற்றவர் செய்வதைப் பார்த்தே எல்லாவற்றையும் படித்த எனக்கு, ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வேலை என்பது கண்ணில் படவில்லை.

பெரியவர் எனக்குக் காதை மூடும் தடித்த கவசத்தை மாட்டிவிட்டார். சுட்டேன். முதல் வெடியில் மாடு முட்டியது போலத் தோள் பின்னுக்குப் போனது. இரண்டாவது மண்மேட்டில் புழுதி கிளப்பியது. மூன்றாவது கடதாசியில் பட்டது. நாலாவது கறுப்பு வட்டத்துக்குள்ளேயே விழுந்தது. பெரியவர் தூரக்கண்ணாடியால் பார்த்துப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் வேலி பாய்ந்து ஓடிய அந்தச் சந்தை மனதில் வந்து போனது. சும்மா சொல்லக் கூடாது, அந்த நேரம் நான் ஒரு ராசாதான்.

ஐந்தாவது 'டிக்' என்றது.

மெசின் நின்றால் நான் என்ன செய்வேன்? தூக்கி, திருப்பி, திறந்து, உள்ளே பார்ப்பேன். இருபது வருடமாகக் கைக்குப் பழகிய வேலை அது. நின்றுபோன ஒன்றுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது. துவக்கை மேசையில் இருந்து தூக்கி, இடது பக்கத்தில் இருந்த பெரியவருக்குக் காட்டத் திரும்பினேன். வேலை செய்யவில்லை, பாருங்கள் என்கிற மாதிரி. வலது கை பூட்டை, குண்டு போடும் வாயை மூடியிருக்கும் அந்த இரும்புத் தண்டை, திறக்கப் போய்விட்டது.

அவருடைய வாய் திறந்து திறந்து மூடியது. காதுக் கவசத்துக்குள் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்கையைக் கீழ்நோக்கிப் பிடித்து என்னை நோக்கி நீட்டினார். துவக்கைத் தன்னிடம் தரச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக நீட்டினேன்.

அப்போதுதான் அது வெடித்தது.

குண்டு அவருடைய தலைக்கு ஒரு சாண் தள்ளித் தூணில் இறங்கியது. மரச்சிம்பு ஒன்று பறந்து அவர் கன்னத்தைக் கிழித்தது. அவருடைய கோப்பிப் போத்தல் விழுந்து சிமெந்து நிலத்தில் உருண்டுகொண்டே போனதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை இன்னும் ஒரு கணம் முந்தியிருந்து பூட்டைத் திறந்திருந்தால், அது என் முகத்திலேயே வெடித்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள்.

விசில் அடித்தது. எல்லோரும் துவக்குகளை வைத்துவிட்டு எழுந்து பின்னால் வந்து நின்றார்கள். செம்மஞ்சள் தொப்பிக்காரர் என் கையில் இருந்ததை வாங்கி, திறந்து, வெறுமையாக்கி மேசையில் வைத்து, என் காதுக் கவசத்தையும் கழற்றிவிட்டார். என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்டார். வாழ்க்கையில் எத்தனையோ பிரெஞ்சுக் கேள்விகளை விளங்காமல் தாண்டிவந்த எனக்கு, அந்தக் கேள்வி மட்டும் விளங்கியது. இவருக்கு நீ விளக்கிச் சொன்னாயா என்று கேட்டார்.

பெரியவர் கைலேஞ்சியால் கன்னத்தை அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தப்பியிருப்பேன். அவர் பார்த்தது, எதையோ அப்போதுதான் கண்டுபிடித்தவர் பார்க்கிற மாதிரி. பதினைந்து வருடமாக நான் சொன்ன 'வி' எல்லாம் என்ன என்று அந்த ஒரு கணத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். பிறகு பொறுப்பாளர் பக்கம் திரும்பி, "இல்லை. மறந்துபோனேன்" என்றார்.

அதுவும் எனக்கு விளங்கியது.

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னவர், மூன்று தரம் சொன்னவர், எனக்குத்தான் விளங்கவில்லை என்று கையைக் காட்டியாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், இருபது வருடமாக இந்த ஊரில் இருந்தும் எனக்குப் பாசை தெரியாது என்பது அங்கே நின்ற பதினைந்து பேருக்கும் தெரிந்துவிடும். அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை. ஒரு மனிதரின் கன்னத்தில் இரத்தம் வடிந்துகொண்டிருக்க, நான் என் மானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொறுப்பாளர் கொப்பியில் எழுதினார். பெரியவர் கால்சட்டைப் பைக்குள் இருந்து சிவப்பு நூலில் கோத்த திறப்பை எடுத்து மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் அதை எவரும் எடுக்கவில்லை. நரைத்த தலைகள் ஒவ்வொருவராக வந்து அவருக்குக் கைகொடுத்தார்கள். எண்ணிக்கொண்டிருந்த அந்தப் பருத்த மனிதர் எனக்கும் கைகொடுத்தார். அது மற்ற எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் பெரியவர் லவாலில் ஒரு சின்னக் கடையில் நிறுத்தி, கன்னத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரும் இரண்டு கோப்பியும் வாங்கிவந்தார். எனக்கு எத்தனை சீனி என்று அவருக்குத் தெரியும். கோப்பியை என் கையில் தந்து, பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு சொல் சொன்னார். உண்மையைச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் கிடைத்தது. நான் 'மேர்சி' என்றேன். கோப்பிக்கு நன்றி.

சனிக்கிழமை வந்தது. போகாமல் இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்று தேத்தண்ணிக் கடைக்குப் போனேன்.

"என்ன அண்ணை, நீங்கள் துவக்கைச் சுட்டனீங்களோ, துவக்கு உங்களைச் சுட்டுதோ?" என்று ஒருவர் பகிடி விட்டார்.

நாலு வெடியின் கதையைச் சொன்னேன். நாலாவது கறுப்பு வட்டத்துக்குள் விழுந்ததை இரண்டு தரம் சொன்னேன். ஐந்தாவதைச் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

அந்த மாரிகாலம் முழுவதும் பட்டறைக்குப் போய்வந்தேன். ரோல்ஸ் கொண்டுபோனேன். அவர் சாப்பிட்டார், கண்ணீர் வடிந்தது, சிரித்தார். கன்னத்துக் கோடு வெளிறிக்கொண்டு வந்தது. சுவரில் அந்த ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது. நான் ஆணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்வரும் வழியில் பார்த்தால், பட்டறையில் லைட் எரியும். கடைசல் மெசின் ஓடாது. அவர் அதற்குப் பக்கத்தில் ஸ்டூலில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். மகளைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் சொல்லி, அந்தத் திடலுக்கும் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன். பனி கொட்டுகிறது, கடையில் வேலை கூட, மகளுக்கு நேரம் இல்லை. காரணங்களுக்கு என்ன பஞ்சம்.

பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, கடைவதற்கு ஒரு துண்டைக் கொண்டுபோனேன். பட்டறை பூட்டியிருந்தது. கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. பிரெஞ்சில் நாலைந்து வரி. மகனிடம் போய்விட்டார் போலிருக்கிறது, திரும்பி வரும் திகதியைப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். வாசிக்கத் தெரிந்தவன் மாதிரி அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று, தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவந்தேன். கடதாசிக்கும் நான் 'வி' சொல்லிவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மகளின் காரில் அந்தப் பக்கமாகப் போனபோது கடதாசி இன்னும் இருந்தது. எப்போது வருவார் என்று வாசித்துச் சொல் என்று அவளை இறக்கிவிட்டேன். அவள் வாசித்துவிட்டு உடனே காருக்குத் திரும்பி வரவில்லை. பனிக்குள் அப்படியே நின்றாள். பிறகு வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"அப்பா, அவர் செத்துப்போனாராம். நெஞ்சு வருத்தமாம். சனிக்கிழமை அடக்கம் முடிஞ்சுது."

வியாழக்கிழமை நான் அதற்கு முன்னால் நின்றபோது, அடக்கத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அந்தக் காருக்குள் வைத்துத்தான் எல்லாவற்றையும் மகளுக்குச் சொன்னேன். முடிந்த பிறகு ஒன்று மட்டும் கேட்டாள்.

"விளங்காட்டி பேந்து ஏன் அப்பா ஓம் எண்டனீங்கள்?"



மார்ச் மாதம் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் நடந்த பிரெஞ்சு வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். சுற்றிவர எல்லாம் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். சென்னையில் இருந்து வந்த கணினி வேலைப் பொடியன் ஒருவன், இருபது வருடத்துக்கு மேலாக இங்கே எப்படிச் சமாளித்தீர்கள் அங்கிள் என்று மரியாதையாகத்தான் கேட்டான். வேறு நாளாக இருந்தால் என் கதையை ஷபனெல் தெருவில் இருந்து தொடங்கியிருப்பேன். சமாளிக்கேல்லை, தம்பி என்று சொன்னேன். ஆசிரியையிடம் நான் முதலில் கேட்டது, எனக்கு விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வது என்பதைத்தான். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வசனம் கேட்டு, மூன்றையும் கொப்பியில் எழுதி எழுதிப் பழகினேன். ஐந்தாம் வகுப்பில் விட்ட கை. எழுத்து நேரே நிற்க இரண்டு மாதம் எடுத்தது.

மே மாதம், பனி எல்லாம் கரைந்த பிறகு, மகளோடு அந்தத் திடலுக்குப் போனேன். காரை நிறுத்திவிட்டு, நானும் வரட்டே என்று அவள் கேட்டாள்.

"வா. பக்கத்தில நில். நான் பிழையாச் சொன்னால் திருத்து."

செம்மஞ்சள் தொப்பிக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். தொடக்கத்தில் நான் சொன்ன மற்றவர் இவர்தான். அவருக்கு முன்னால் நின்று, பழகி வைத்திருந்த மூன்று வசனத்தையும் பிரெஞ்சில் சொன்னேன். பெரியவர் எனக்குச் சொன்னவர். நான் ஓம் என்று சொன்னேன். எனக்கு விளங்கவில்லை.

அவர் தொப்பியைக் கழற்றினார். "எங்களுக்குத் தெரியும்" என்றார். அது எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு நீளமாக ஏதோ சொன்னார். நான் கையை உயர்த்தி, எனக்கு விளங்கவில்லை என்றேன். மகள் சொன்னாள். பெரியவர் முப்பது வருடத்துக்குக் கிட்டக் கூட்டிவந்த ஒவ்வொரு விருந்தாளிக்கும், அந்தத் தூணுக்குப் பக்கத்தில் இருந்து, அறுபது எண்ணச் சொல்லிக்கொடுத்தவராம். அன்றைக்கு எனக்குச் சொன்னதும் பொறுப்பாளரின் காதில் விழுந்ததாம். ஆனால் கேட்டபோது பெரியவரே இல்லை என்று சொன்னதால், இல்லை என்றுதான் எழுத வேண்டியிருந்ததாம். தண்டனை ஒரு வருடத்துக்குத்தான். வருகிற செப்டெம்பரில் அவர் திரும்பி வந்திருக்கலாமாம். திறப்பை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார்களாம்.

அந்தக் கொப்பியில் நான் ஒன்று எழுதலாமா என்று கேட்கச் சொன்னேன். அவர் பக்கங்களைப் புரட்டி, அந்த நாளை எடுத்து, அவருடைய எழுத்துக்குக் கீழே இருந்த இடத்தை விரலால் காட்டினார். மூன்று வசனத்தையும் என் கையால் எழுதினேன். நேரம் எடுத்தது. ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.

பிறகு கொட்டகைக்குப் போனேன். தூணில் இருந்த துளையை அவர்கள் அடைக்கவில்லை. பெரியவர் அன்றைக்கு இருந்த மர வாங்கில் இருந்துகொண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். இரண்டாவது கணு வரைக்கும் போனது. அப்படியே இருந்து, தமிழில், ஒன்றில் இருந்து அறுபது வரைக்கும் எண்ணினேன். நீளமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

இப்போது எவராவது பிரெஞ்சில் ஏதாவது கேட்டால், விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பதும் உண்டு. சொல்கிற ஒவ்வொரு தரமும், அதை முதலில் கேட்டிருக்க வேண்டிய மனிதரின் தலைக்கு ஒரு சாண் தள்ளி இருந்த அந்தத் துளை, என் விரல் நுனியில் வந்து நிற்கிறது.